ஆனி மாதத்து மழைக்கோட்டு

ஆனி மாதத்தில் ஒரு முற்பகல். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல வீசிக்கொண்டிருந்தது. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், எங்கள் கடை வாசலில், மஞ்சள் நிற மழைக்கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, அதன் தொப்பியையும் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நான் நின்றேன். வியர்வை முதுகு வழியே இறங்கிச் சப்பாத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. வீதிகளில் மாடுகளைப்போல அலையும் எங்கள் ஊர் மான்கள் எதையும் கண்டு அதிசயப்படுவதில்லை. அன்று எதிர்ப்பக்கத்து வேலி நிழலில் படுத்திருந்தவை என்னையே பார்த்தபடி அசைபோட்டன.

ஓர் ஆட்டோ வந்து நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டினார்.

"தங்கச்சி, உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ?"

"இல்லை அண்ணை. விற்பனைக்கு நிக்கிறன்."

"என்னத்தை விக்கிறீங்கள்?"

"மழைக்கோட்டு."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். முகில் என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டுகூட இல்லை. "இஞ்சயோ?" என்று கேட்டார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு சாரதிகள், பார்ப்பதற்கென்றே வந்தார்கள்.

அந்த வேசத்தை நான் ஏன் போட்டேன் என்று சொல்வதற்கு, ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் கடை, நாடு முழுவதும் கிளைகள் உள்ள ஒரு நிறுவனத்தினுடையது. வாளி, குடை, மின்விசிறி, சட்டி, பானை என்று வீட்டுப் பாவனைப் பொருட்கள் விற்போம். தலைமை அலுவலகம் கொழும்பில். நான் பல்கலைக்கழக வளாகத்தில் படித்து முடித்து, லிங்கநகரிலிருந்து சைக்கிளில் வந்து போகும் தூரத்தில் வேலை கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று சேர்ந்தேன். நேர்முகப் பரீட்சையில் ஒரு பெரியவர், "சொன்னதைச் செய்ய ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்களுக்கு யோசிக்கிற ஆட்கள்தான் வேண்டும்" என்று சொன்னார். நான் அதை நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு அப்போது எந்தக் காரணமும் தெரியாது.

திங்கள் காலைகளில் முகாமையாளரின் மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, கதிரைகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு நாங்கள் உட்காருவோம். திரையில் கொழும்பும் மற்றக் கிளைகளும் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரியும். கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். முடிவில் விற்பனைப் பணிப்பாளர் "கேள்விகள் ஏதும் உண்டா?" என்று கேட்பார். கேட்கும்போதே தன் பேனையை மூடிக்கொண்டிருப்பார். ஒரு சதுரத்திலும் வாய் அசையாது. "மிக நன்று" என்று சொல்லிப் போய்விடுவார்.

வைகாசியில் நடந்த அப்படி ஒரு கூட்டத்தில்தான் மழைக்கால விற்பனை பற்றிச் சொன்னார்கள். ஆனி மாதத்தில், நாடு முழுவதும் ஒரே நாளில் தொடக்கம். குடைகளும் மழைக்கோட்டுகளும் லொறியில் வரும். வாசலில் பெரிய படம் ஒட்ட வேண்டும். படத்தில் 'மழை வருகிறது! நீங்கள் தயாரா?' என்று எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. தெற்கிலும் மேற்கிலும் மழை கொட்டும் அந்த மாதங்களில் எங்கள் பக்கம் புல்லே கருகிப் போகும். எங்களுக்கு மாரி என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். இது திருகோணமலையில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தேன். எங்கள் கணக்காளர் தன் நகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். காசாளர் அக்கா மேசை விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார். முகாமையாளர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கேள்விகள் ஏதும் உண்டா?"

நான் கையைத் தூக்கிவிட்டேன். திருகோணமலையில் அந்த மாதத்தில் மழை பெய்யாது, எங்களுக்கு மட்டும் விற்பனையை ஐப்பசிக்குத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். திரையில் எல்லாச் சதுரங்களும் அசையாமல் நின்றன. இணையம் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"நல்ல கருத்து" என்றார் பணிப்பாளர். "ஆனால் இது தேசிய அளவிலான திட்டம். நாம் நேர்மறையாக யோசிப்போம். உங்களிடம் இவ்வளவு ஆர்வம் இருப்பது மகிழ்ச்சி. அந்தக் கிளையில் மழைக்கால விற்பனைக்கு நீங்களே பொறுப்பாக இருங்கள்."

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பது அந்தப் பொறுப்பின் ஒரு பகுதி.

கூட்டம் முடிந்ததும் முகாமையாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த, யாரிடமும் அதிர்ந்து பேசாத மனிதர். கதவைச் சாத்திவிட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"பிள்ளை, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி."

"பிறகென்ன சேர்?"

"அதுதான் பிரச்சினை. பிழையாச் சொல்லியிருந்தால் திருத்திப்போட்டு மறந்துபோவினம். சரியாச் சொன்ன ஆளை என்ன செய்யிறது? இனிமேல் என்னட்டச் சொல்லுங்கோ. அங்க சொல்ல வேண்டாம்."

"உங்களிட்டச் சொன்னால் நீங்கள் அங்க சொல்லுவீங்களோ சேர்?"

அவர் சிரித்தார். சாத்திய கதவைத் திறந்துவிட்டார்.

எனக்குக் கோபத்தைவிட வியப்பே அதிகமாக இருந்தது. எங்கள் கணக்காளர் கிண்ணியாக்காரர். அவர்கள் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, நான் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு பொருளின் விலையைக் கேட்டவுடன் அது எத்தனை நாள் தட்டில் கிடக்கும் என்று சொல்லக்கூடிய மூளை அவருடையது. அவரும் ஏன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்? தேநீர் நேரத்தில் கேட்டேன்.

"தங்கச்சி, கூட்டம் நடக்கிற இங்கிலீசில. எனக்கு நியாயம் வாற தமிழ்ல. நான் அதை மாத்தி முடிக்கிறதுக்குள்ள அவங்க அடுத்த விசயத்துக்குப் போயிருவாங்க" என்றார். பிறகு பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, "அதோட, கேட்ட ஆள்ட தலையிலதானே வேலை விழும். இப்ப பாருங்க, கோட்டுப் போடப் போறது ஆரு? நானா, நீங்களா?" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

காசாளர் அக்காவின் காரணம் வேறு. "நான் முந்திச் சொல்லிப் பாத்தனான். ஒவ்வொருக்காலும் 'நல்ல கருத்து' எண்டுதான் சொல்லுவினம். ஏசினாலும் பரவாயில்லை. நல்ல கருத்து எண்டு கேக்கக் கேக்க எனக்கு வெக்கமாப் போச்சுது."

அன்று சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போகும்போது இதைத்தான் யோசித்தேன். எங்கள் கடையில் ஒருவரும் மக்கு இல்லை. கெட்டிக்காரர்கள் எதையும் சீக்கிரம் படித்துவிடுவார்கள். எந்த இடத்தில் வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதையும் சீக்கிரமாகவே படித்துவிடுகிறார்கள். மந்தமான ஒருவர் பத்து முறை கேட்டு மூக்குடைபட்ட பிறகு நிறுத்துவார். கெட்டிக்காரருக்கு அடுத்தவர் மூக்கைப் பார்த்தாலே போதும்.

விற்பனை தொடங்கியது. முதல் நாட்களில் கடைக்கு வந்த சனத்துக்குக் குறைவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்க வந்தவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். தோப்பூரிலிருந்து சட்டி வாங்க வந்த ஒரு பெண், தண்ணீர்ப் போத்தல் ஒன்றை என் கையில் திணித்து, "குடி மகள். என்ன பாவம் செஞ்சியோ" என்றார். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே குவியலிலிருந்து ஒரு குடையை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"மழைக்கோ?" என்று கேட்டேன்.

"மழைக்கா! வயல் பாக்கப் போறதுக்கு. வெயில் மண்டையப் பிளக்குது."

காசைக் கொடுத்துவிட்டு, கடை வாசலிலேயே அதை விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். நான் அவருடைய குடை தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வீதியில் போன மற்றப் பெண்களையும் அப்போதுதான் கவனித்தேன். பாதிப் பேர் கையில் குடை. வெயிலுக்கு!

உள்ளே ஓடினேன். வெள்ளைத் தாளில் ஒரு துண்டை நீளமாக வெட்டி, தடித்த எழுத்தில் எழுதி, வாசலில் இருந்த பெரிய படத்தின் கீழே ஒட்டினேன். இப்போது படம் இப்படி இருந்தது: 'மழை வருகிறது! நீங்கள் தயாரா?' அதன் கீழே, 'அதுவரை வெயிலுக்குப் பிடியுங்கள்.'

தலைமை அலுவலகத்தின் படத்தில் கைவைப்பது பெரிய குற்றம். முகாமையாளர் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போகும்போது அதைக் கண்டார். நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி வாசித்தார். அவருடைய தோள்கள் இலேசாகக் குலுங்கின.

"பிள்ளை," என்றார், "நான் இதைக் காணேல்லை."

குடைகள் பறந்தன. நானா இன்னொன்று செய்தார். பூப்போட்ட குடைகளை முன்னுக்கும் கறுப்புக் குடைகளைப் பின்னுக்கும் மாற்றி வைத்தார். ஆசிரியைமார் ஆளுக்கொன்று வாங்கினார்கள். ஆட்டோச் சாரதிகள்கூட வீட்டுக்கு வாங்கிப் போனார்கள். "கோட்டுப் போட்ட தங்கச்சியிட்ட வாங்கினது" என்று வீட்டில் சொல்வதற்கென்றே வாங்கியதாக ஒருவர் சொன்னார். கொண்டுவந்த குடை தீர்ந்து மறு லொறி கேட்டோம். மழைக்கோட்டு மட்டும் ஒன்றும் போகவில்லை. அவை களஞ்சிய அறையில் மஞ்சள் மலையாகக் கிடந்தன. எனக்கும் கோட்டிலிருந்து விடுதலை கிடைத்தது.

ஆடி முடிவில் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. குடை விற்பனையில் நாட்டிலேயே முதலாவது கிளை எங்களுடையது. பரிசு வாங்க வரவேண்டும். பணிப்பாளர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்களைப் பாராட்டினார். "பார்த்தீர்களா? சந்தேகப்படாமல், நேர்மறையாக வேலை செய்தால் எதையும் சாதிக்கலாம்" என்றார். அதே மூச்சில், விற்காமல் இருக்கும் மழைக்கோட்டுகளைப் புரட்டாதிக்குள் கொழும்புக்குத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். நானா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். மூடிக்கொண்டேன். ஆனால் அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு நொந்தது. நாங்கள் சந்தேகப்பட்டதால் விற்ற குடைகள், சந்தேகப்படக்கூடாது என்பதற்குச் சாட்சியாகிவிட்டன!

பரிசு விழாவுக்கு முகாமையாளர், நானா, நான் மூவரும் ஒரு வான் வண்டியில் விடியற்காலையில் புறப்பட்டோம். கந்தளாய் தாண்டிக் காட்டுப் பாதையில் போய்க்கொண்டிருந்தபோது, நான் நெடுநாள் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"சேர், நீங்கள் எப்பவும் இப்படித்தானோ? ஒண்டும் கேக்காமல்?"

அவர் யன்னல் கண்ணாடியைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"இல்லைப் பிள்ளை. முந்தி நான் வேலை செய்த இடத்தில, சனம் வந்து குந்திக் காத்திருக்கிற நீட்டு வாங்கு சுவரைப் பாத்தபடி கிடந்தது. முதுகுக்குப் பின்னால ஆளைக் கூப்பிடுவினம். ஒரு கூட்டத்தில எழும்பி, ஏன் அதைத் திருப்பிப் போடக்கூடாது எண்டு கேட்டன். ஒருத்தரும் என்னை ஏசேல்லை. நல்லாச் சிரிச்சுக் கதைச்சவை. ஆனா அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடேல்லை. பிறகும் கூப்பிடேல்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பன். கூப்பிடாமல் விட்டதுக்கு ஆரோட சண்டை பிடிக்கிறது?"

"வாங்கைத் திருப்பிப் போட்டவையோ?" என்று நானா கேட்டார்.

"இல்லை. நான் தலையாட்டப் பழகினன். பழகினால் அது சுகமான வேலைதான். கழுத்து மட்டும் நல்லா இருந்தால் போதும்."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். ஆனால் ஹபரணை வரும்வரை நான் அந்த வாங்கையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழா மண்டபம் குளிரில் விறைத்தது. அந்த மழைக்கோட்டு அன்று இருந்திருந்தால் போட்டிருப்பேன். எல்லாக் கிளைகளின் முகாமையாளர்களும் வந்திருந்தார்கள். மேடையின் நடுவில் நிறுவனத்தின் தலைவி உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, பருத்திச் சேலை, ஓயாமல் அசையும் கண்கள். எங்கள் முகாமையாளரைக் கூப்பிட்டார்கள். அவர் ஏறிப்போய், வெள்ளிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். பணிப்பாளர் ஒலிவாங்கியை நீட்டி, "உங்கள் வெற்றியின் இரகசியத்தை எங்களுக்கும் சொல்லுங்கள்" என்றார்.

கூட்டு முயற்சி, தலைமையின் வழிகாட்டல் என்று இரண்டு வரி சொல்லிவிட்டு இறங்குவார் என்று நினைத்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். மெதுவான, தெளிவான ஆங்கிலத்தில், "அந்த மாதத்தில் திருகோணமலையில் மழை பெய்யாது" என்றார்.

மண்டபம் சிரித்தது. நல்ல பகிடி என்று சிலர் கைதட்டினார்கள். அவர் சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக நின்றார்.

"இல்லை. உண்மையாகவே பெய்யாது. நாங்கள் விற்றது வெயிலுக்குக் குடை. அதோ அங்கே இருக்கிற பிள்ளை இதைத் தொடங்கும் முன்பே கூட்டத்தில் சொன்னவர். இனிச் சொல்லவேண்டாம் என்று அவரைத் தடுத்தவன் நான். மழைக்கோட்டுகள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. இப்போது திருப்பி அனுப்பச் சொல்கிறீர்கள். எங்களுக்கு மழை அதற்குப் பிறகுதான் வரும்."

நானா என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினார். தலைவி கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து, பணிப்பாளரிடம் ஏதோ கேட்டார். பணிப்பாளரின் முகம் சிவந்தது. பிறகு தலைவி எழுந்து ஒலிவாங்கியைத் தானே வாங்கிக்கொண்டார்.

"இந்த மண்டபத்தில் வேறு யாருடைய ஊரில் அந்த மாதம் மழை பெய்யாது? கையைத் தூக்குங்கள்."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மட்டக்களப்பு முகாமையாளர் காதைச் சொறிவதுபோல ஒரு கையைத் தூக்கினார். யாழ்ப்பாணத்தார் தூக்கினார். வவுனியா. அம்பாறை. பொலன்னறுவை. தூரத்து மூலையில் அம்பாந்தோட்டை. ஒவ்வொரு கையும் பக்கத்துக் கையைப் பார்த்துத் தைரியம் பெற்று உயர்ந்தது. மண்டபத்தில் பாதிக்கு மேல் கைகளாக நின்றன. தூக்கியவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த முகங்களில் இருந்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். ஒளித்து விளையாடி, எல்லோரும் ஒரே அலுமாரிக்குள் பிடிபட்ட பிள்ளைகளின் சிரிப்பு அது.

தலைவி முதலில் வாயைப் பொத்தினார். பிறகு வாய்விட்டே சிரித்தார். "ஏன் ஒருவரும் சொல்லவில்லை?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்கவில்லை, மெடம்" என்றது.

தேநீர் வேளையில் பணிப்பாளர் என்னைத் தேடி வந்தார். நான் பயந்துதான் போனேன்.

"நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நல்ல கருத்து என்று சொன்னேன், இல்லையா?"

"ஓம் சேர்."

"நான் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வேன்." தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "ஒரே நாளில் தொடங்கவேண்டும் என்று மேலிருந்து வந்தது. எனக்கும் சந்தேகம் இருந்தது. நானும் கேட்கவில்லை."

எங்கள் பின்னால் நின்ற தலைவி இதைக் கேட்டுவிட்டார். "மேலிருந்து என்றால், என்னையா சொல்கிறீர்கள்? எல்லாக் கடையிலும் ஒரே நாளில் குடை விரித்தால் பார்க்க அழகாக இருக்கும் என்று ஒரு சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அவ்வளவுதான்!"

யாருமே இடாத ஒரு கட்டளைக்காகத்தான் நான் வெயிலில் வெந்திருக்கிறேன். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை. தலைவி, பணிப்பாளர், நான் மூவரும் தேநீர்க் கோப்பையும் கையுமாக நின்று சிரித்தோம்.

மறுநாள் திரும்பி வரும் வழியில் கந்தளாயில் வானை நிறுத்தச் சொன்னார் முகாமையாளர். வீதியோரத்தில் எருமைத் தயிர்ச் சட்டிகள் அடுக்கியிருந்தார்கள். அவர் ஒரு சட்டித் தயிர் வாங்கி, வெள்ளிக் கிண்ணத்தில் போட்டு, இனிப்புப் பாணியை ஊற்றித் தின்றார். எங்களுக்கும் அதிலேயே தந்தார். "கிண்ணம் இது ஒண்டுக்காவது உதவிச்சுது" என்றார். அவருக்கு ஓய்வு கிட்ட வருகிறதே, பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தனான். ஆனா பிள்ளை, கழுத்துக்கு என்ன சுகம் தெரியுமோ!"

மழைக்கோட்டுகள் திரும்பிப் போகவில்லை. கார்த்திகையில் வானம் உடைந்து கொட்டியபோது, இலங்கைத்துறையிலிருந்து மீனவர்கள் கூட்டமாக வந்து வாங்கினார்கள். இப்போது எங்கள் பக்கத்துக் கிளைகளுக்கு மழைக்கால விற்பனை மாரியில்தான். அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல ஏலாது. பணிப்பாளர் இப்போதும் சில வேளை பேனையை மூடிக்கொண்டே கேள்வி கேட்கச் சொல்கிறார். ஆனால் எங்கள் திங்கட்கிழமைகளில் சத்தம் கூடிவிட்டது. காசாளர் அக்கா போன வாரம் எனக்கு எதிராகவே வாதாடி வென்றார். தோற்றது இவ்வளவு சந்தோசமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

போன சனிக்கிழமை முகாமையாளரின் மனைவி கடைக்கு வந்தார். முதல் முறையாகத்தான் அவரைப் பார்க்கிறேன். நேரே என்னிடம் வந்தார்.

"நீங்கள்தானே அந்தப் பிள்ளை? இந்த மனுசனுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தனீங்கள்? வீட்டில ஒரு வேலை செய்ய ஏலாமல் கிடக்கு. குழம்புக்கு ஏன் முதல்ல உள்ளியைப் போடுறாய் எண்டு கேக்கிறார். குசினிக் கதவு ஏன் உள்பக்கம் திறக்குது எண்டு கேக்கிறார். முப்பது வருசமாத் திறந்த கதவு!"

அறைக்குள்ளிருந்து முகாமையாளரின் குரல் வந்தது. "ஏன் எண்டு கேட்டால் என்ன பிழை?"

மனைவி அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாத்திப் போட்டுப் பாத்தனாங்கள். இப்ப அது அலுமாரியில தட்டாமல் திறக்குது. நான் இதைச் சொன்னதை அவரிட்டச் சொல்லிப்போடாதேங்கோ."